டிக் டிக் சத்தத்தை அம்மாதான் கேட்டாள்

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம். இரண்டு நாளாக மழை விட்டிருக்கிறது என்று அம்மா மாடியில் துணி காயப் போட்டிருக்கிறாள். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவது அவளுக்கும் தெரியும், ஆனாலும் போட்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். உன் கார், 1932 ஃபோர்டு பாடி, அதற்குள் எட்டு சிலிண்டர் ஷெவர்லே 350 எஞ்சின். பெயின்ட் வேலை மாப்பிள்ளையுடையது என்று எழுதியிருந்தாய், நன்றாக வந்திருக்கிறது என்று அவரிடம் சொல். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து முறைக்கிறார், ஹைவேயில் ஒரு மணி நேரம் போனால் தலை வலிக்கிறது, என்ன செய்யலாம் அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷப் பட்டறைச் சத்தத்தில் இடது காது போய்விட்டது உனக்குத் தெரியும். வலது காதிலும் கனத்த சத்தம் கேட்கிறது, கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் விழுவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சுச் சத்தம்தான் முதலில் அடிபடும் என்று கோயம்புத்தூரில் டாக்டர் ஒரு கோடு வரைந்து காட்டினார். அந்தக் கோடு இங்கிருந்து மலையடிவாரக் கல்லாருக்கு இறங்குகிற மாதிரி அந்த இடத்தில் சரிந்து கிடந்தது. ஆக உன் வீடியோவில் எனக்குக் கேட்டதெல்லாம் ‘கும் கும்’ மட்டும்தான். சைலன்சர் பத்தவில்லை, பெரிதாகப் போடச் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது அடுப்படியிலிருந்து அம்மா, "என்னங்க அது, தையல் மிஷின் மாதிரி டிக் டிக்னு அடிக்குது?" என்றாள். மறுபடி போட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள். வீடியோ முடிகிற நேரத்தில், "இப்ப கொறஞ்சிடுச்சு பாருங்க" என்றாள்.

எனக்கு அது போதும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டிக் டிக், சூடேறச் சூடேறக் குறைகிறது என்றால் எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்க் கூட்டமான ஹெட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில், நடுவே வைத்த பேக்கிங் தகடு கசிகிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும், அதனால் சத்தம் மறைந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் பைப்புக்குள் எரிகிறது. சைலன்சர் என்ன விலைக்கு வாங்கினாலும், அதற்கு முன்னாலேயே தப்பித்துப் போகிற சத்தத்தை அது என்ன செய்யும்?

எனவே காசு செலவழிக்கும் முன் இதைச் செய். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய். மூன்றடி ரப்பர் ஹோஸ் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறுமுனையை ஹெட்டர் விளிம்பு நெடுக நகர்த்து. ஃபேனையும் பெல்ட்டையும் பார்த்துக்கொள், முடியைக் கட்டிக்கொள். கசிகிற இடத்தில் காதுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்றும் பார். போல்ட்டை முறுக்கினால் நிற்கலாம். நிற்காவிட்டால் ஹெட்டரைக் கழற்றி, விளிம்பின் மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார். மெல்லிய விளிம்பு சூட்டில் வளைந்திருக்கும், அதைச் சமப்படுத்தாமல் புதுப் பேக்கிங் போட்டால் அது ஒரு மாதத்துக்குத்தான். போட்ட பிறகு இரண்டு மூன்று தடவை சூடேறி ஆறியதும் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். நம் பட்டறையில் பையன்கள் எப்போதும் மறக்கிற வேலை இது.

இப்போது ‘கும் கும்’மைப் பற்றி. உன் எஞ்சினின் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடது பக்கம் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. ஒரு தடவை வாய்விட்டு எண்ணிப் பார். 5, 7 இரண்டும் இடது பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. வலது பக்கத்தில் 8, 4 அதே மாதிரி. ஆக ஒவ்வொரு பைப்பிலும் புகை ஒரே சீராக வருவதில்லை, இரண்டு தள்ளு ஒன்றாக வந்து, பிறகு ஒரு இடைவெளி. இந்த மாதிரி எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சினின் அந்தத் தள்ளாட்டச் சத்தத்துக்கு மயங்கித்தான் நீ வண்டியையே வாங்கினாய், அதை முழுக்க எடுத்துவிடாதே. இரண்டு பைப்பையும் சைலன்சருக்கு முன்னால் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்துவிட்டால் ஒரு பக்கத்து நெரிசலை மறுபக்கம் பங்கு போட்டுக்கொள்ளும். எச் எழுத்து மாதிரி இருப்பதால் எச் பைப் என்பார்கள். சத்தம் கொஞ்சம் மழுங்கும், குரல் மாறாது. வெல்டிங் செலவு மட்டும்தான்.

சைலன்சரைப் பார்த்தால், வீடியோவில் தெரிவது நீளக் குழாய் மாதிரி இருக்கிறது. உள்ளே துளை போட்ட பைப், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. இது மெல்லிய சத்தத்தைத்தான் நன்றாக உறிஞ்சும், கனத்த சத்தத்திடம் தோற்றுப்போகும். போகப் போகப் பஞ்சும் பொடிந்து, பின்வழியாகப் பறந்துவிடும். ஒரு தடவை டீ ஃபேக்டரியில் சூட்டுக் குழாய்க்குச் சுற்றும் பஞ்சை வாங்கி நானே ஒரு சைலன்சரில் அடைத்தேன். மலை இறங்கி முடிப்பதற்குள் மொத்தமும் காலி, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மேலெல்லாம் அரிப்பு. பழைய ஆட்கள் பைப்பில் சுற்றுகிற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பழைய கடைகளில் கிடைத்தாலும் தொடாதே, அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

உனக்கு வேண்டியது உள்ளே அறை அறையாகத் தடுத்து, புகையைத் திருப்பித் திருப்பி விடுகிற சைலன்சர். நம் மலை ரயில் எஞ்சினை நினைத்துக்கொள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும்போது, முதல் ஜோடி சிலிண்டரில் வேலை செய்த ஆவியை அப்படியே வெளியே விடாமல், பல்சக்கரத்தைச் சுற்றும் இரண்டாவது ஜோடிக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் விரிந்து, அழுத்தம் இறங்கிய பிறகுதான் புகைபோக்கிக்குப் போகிறது. அவர்கள் செய்வது ஆவியை மிச்சம் பிடிக்க. சைலன்சர் செய்வதும் பாதி அதே வேலைதான், விரிய இடம் கொடுத்து வேகத்தை இறக்குவது. அதனால் வயிறு பெரிதாக இருக்கிற சைலன்சராகப் பார். உன் வண்டிக்கு அடியில் இடம் குறைவு, தெரியும். நீளத்தில் கிடைக்காததை அகலத்தில் எடு. பைப் வாயில் போல்ட் போட்டுச் செருகுகிற தடுப்பை மட்டும் வாங்காதே. தொண்டையில் துணியை அடைக்கிற வேலை, மேட்டில் இழுவை போய்விடும்.

சத்தம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு கதை உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால். ஜீப்பின் சைலன்சர் மழையில் துருப்பிடித்து விழுந்துவிட்டது. மேட்டில் நன்றாக இழுக்கும் என்று வெறும் பைப்பை வெல்டிங் செய்துகொண்டு சுற்றினேன், பாறைச் சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தைக் கேட்டு எனக்கே பெருமை. ஒரு நாள் மேட்டுப்பாளையம் மலை ரோட்டில் பர்லியார் தாண்டி ஏறுகிறேன். 14 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்று. மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. மூன்று தடவை ஹாரன் அடித்தானாம். என் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வளைவில் நேருக்கு நேர். மலைப்பக்கம் ஒடித்தேன், மட்கார்டு பாறையில் மடங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கண்டக்டர், "மேல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், ஒத்துக்கறேன். அதுக்கு எங்க ஹாரன் உங்களுக்குக் கேக்கணும்ல?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். காட்டெருமை குறுக்கே வந்தது என்றுதான் அம்மாவுக்கு இன்றுவரை கணக்கு. இந்தப் பத்தியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

அடுத்தது பைப்பின் நீளம். உன் பைப் பின் ஆக்சிலுக்கு முன்னாலேயே, சீட்டுக்கு அடியில் கீழ்நோக்கி முடிகிறது. சத்தம் தரையில் பட்டு நேராகத் தரைத்தகட்டில் மோதும். அதைவிட மோசம், புகை உள்ளே வரும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசமே கிடையாது. ஹைவேயில் வருகிற தலைவலி சத்தத்தால்தான் என்று நினைக்காதே. ஆக்சிலுக்கு மேலே வளைத்து, பின் பம்பர் தாண்டி வெளியே விடு. இதை நீ செய்தே ஆக வேண்டும், மற்றதெல்லாம் உன் இஷ்டம். அதுவரை அந்த வண்டியில் தூரம் போகாதே.

இவ்வளவும் செய்த பிறகும் 55 மைல் வேகத்தில் அந்த ‘ம்ம்ம்’ ரீங்காரம் போகாமல் இருந்தால் ஒரு கணக்கு இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். அந்த வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று என்று எழுதியிருந்தாய். நொடிக்கு 30 சுற்று. வி-8இல் ஒரு சுற்றுக்கு 4 வெடி, ஆக நொடிக்கு 120. சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், சூட்டில் இன்னும் வேகம். மெயின் பைப்பிலிருந்து முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பிரித்தால் அது முட்டுச்சந்து மாதிரி, புகை ஓடாது, அதனால் கொஞ்சம் ஆறியிருக்கும். 400 மீட்டர் என்று வைத்துக்கொள். 400ஐ 120ஆல் வகுத்து, அதை நாலால் வகுத்தால் 83 சென்டிமீட்டர், சுமார் 33 அங்குலம். அவ்வளவு நீளத்தில் போய் முட்டித் திரும்புகிற அலை, எதிரே வருகிற அலைக்கு நேர் தலைகீழாக வந்து சேரும். மேடு பள்ளத்தை நிரப்பிவிடும். 400 என்பது என் உத்தேசம்தான், அதனால் குழாயை ஒரு சாண் கூடுதலாக வெட்டி, உள்ளே நகர்த்துகிற மூடி வைத்து, ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சரியான இடம் கண்டுபிடித்த பிறகு வெல்டிங் செய். இரண்டு பைப்புக்கும் ஒவ்வொன்று.

பைப்பைத் தாங்குகிற கிளாம்ப்பில் ரப்பர் இருக்கிறதா என்று பார். இரும்பும் இரும்பும் தொட்டால் சேஸிஸே கோயில் மணி ஆகிவிடும்.

உங்கள் கலிபோர்னியாவில் காருக்கு 95 டெசிபல் வரை விடுவார்கள். பைப் வாயிலிருந்து 20 அங்குலத்தில், 45 டிகிரி சாய்வில் மைக் வைத்துப் பார்ப்பது வழக்கம். போனில் அளந்தால் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து அளந்து எழுதி வை. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம் மாதிரி இருக்கும். இங்கே நம் ஊரிலும் சைலன்சரைப் பிடுங்கிவிட்டுப் புல்லட் ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். 10,000 ரூபாய் வரை அபராதம் போட 2019 முதல் சட்டம் இருக்கிறது. பிடிபட்ட அன்றைக்கு என்னிடம் வந்து, "அங்கிள், பழைய சைலன்சர் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது, எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை. காதில் இயர் பிளக் வைத்துக்கொள், என் காதைப் பார்த்துமா சொல்ல வேண்டும்?

பேக்கிங் மாற்றியதும் இன்னொரு வீடியோ அனுப்பு. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினாக இருக்க வேண்டும், போனை இடது ஹெட்டர் பக்கம் பிடி, பின்னால் பாட்டு கீட்டு வேண்டாம். இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும், அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா