எங்கள் விலாசத்தின் விலை 2.50 பவுண்: டிவிஎல்ஏக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவின் வாகனப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு நிறுவனமான, ஸ்வான்ஸீயில் இருக்கும் டிவிஎல்ஏயின் தலைமை அதிகாரி அவர்களுக்கும், அவருக்கு மேலே இருக்கும் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் படிவங்கள் ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் வருகின்றன. இந்த மடல் தமிழில் வருகிறது. யாராவது மொழிபெயர்த்துத் தருவார்கள் என்று நம்புகிறேன். தராவிட்டாலும் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், லூவிஷம் பக்கம் கார் ஓட்டுகிற எங்கள் ஆட்கள் வாசிப்பார்கள். அவர்களுடைய பெயரும் விலாசமும்தான் இங்கே பிரச்சினை.

கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வரும். கார் உள்ளே போகிற படம் ஒன்று, வெளியே வருகிற படம் ஒன்று, கீழே 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. அனுப்பிய தனியார் பார்க்கிங் நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். எங்கள் பகுதியில் வயதானவர்களுக்கு வரும் இந்த மாதிரிக் கடிதங்களை வாசித்துச் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. "இவங்களுக்கு என்ர விலாசம் எப்பிடித் தம்பி தெரியும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்கள் கொடுத்தீர்கள் என்று சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. அரசாங்கம் அப்படிச் செய்யுமா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

செய்கிறது. ஒரு பெயருக்கும் விலாசத்துக்கும் 2 பவுண் 50 பென்ஸ் வாங்கிக்கொண்டு செய்கிறது. 2002ஆம் ஆண்டின் வாகனப் பதிவு விதிகளில் 27ஆவது விதி, நியாயமான காரணம் காட்டுகிறவருக்கு விவரத்தைக் கொடுக்கலாம் என்கிறது. பார்க்கிங் நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் அல்லது இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்ற இரண்டு தொழில் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும், உங்கள் கணினியோடு நேரடித் தொடர்பு கிடைத்துவிடும். இந்த முனையில் கார் இலக்கத்தைப் போட்டால் அந்த முனையில் பெயர் வந்து விழும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ன ஆதாரம் என்று கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் பார்ப்பதில்லை. கொடுத்த பிறகு சிலவற்றை மட்டும் எடுத்துத் தணிக்கை செய்கிறீர்கள்.

2024-25 நிதியாண்டில் இப்படி 14.4 மில்லியன் தடவை பதிவு விவரங்கள் போயிருக்கின்றன. ஒரு நாளுக்கு 39,000க்கு மேல். அதற்கு முந்திய ஆண்டு 12.8 மில்லியன். 2012-13இல் 1.9 மில்லியன் அளவில்தான் இருந்தது. இடையில் இந்த நாட்டில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஏழு மடங்கு மோசமானவர்களாக மாறிவிட்டார்களா?

2012 என்ற ஆண்டை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடம் ஒக்டோபர் 1ஆம் திகதிதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சில்லுக்குப் பூட்டுப் போடுவது தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னர் இங்கே இருந்தவர்களுக்கு அந்த மஞ்சள் பூட்டு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் வாட்டசாட்டமான ஒருவர் நிற்பார், கையில் காசு கொடுத்தால்தான் கழற்றுவார். அதைத் தடை செய்த அதே சட்டம், அதன் நான்காவது அட்டவணையில், யார் ஓட்டினார் என்று தெரியாவிட்டால் பதிவில் பெயர் உள்ளவரிடமே காசு கேட்கலாம் என்று நிறுவனங்களுக்கு வழி திறந்துவிட்டது. வாட்டசாட்டமான ஆள் போய்விட்டார். இன்றைக்குப் பூட்டு உங்கள் பதிவேடுதான். சில்லில் போட்டால் ஊர் பார்க்கும். பதிவேட்டில் போடுவது போடப்பட்டவருக்கே தெரியாது.

நிலச் சொந்தக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜீபி சேர்ஜரி (குடும்ப டாக்டரின் கிளினிக்) இருந்தால், காலையில் ஏழு மணிக்கே லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதன் கார் பார்க்கை நிரப்பிவிடுவார்கள். கால் நடக்க முடியாத நோயாளிக்கு இடம் இருக்காது. மாற்றுத்திறனாளிகளின் இடத்தில் 'ரெண்டு நிமிசம்தானே' என்று நிறுத்துகிற எங்கள் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடிதம் வந்தால் எனக்கு வருத்தம் இல்லை. செம்ஸ்ஃபோர்ட் ரிவர்சைட் கார் பார்க்கில் இரண்டு மணி நேர இலவச எல்லையைத் தாண்டி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றதற்காக வந்த 85 பவுணை பீவிஸ் என்பவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. இடம் சுழற்சியாகக் கிடைக்க வேண்டும் என்பதில் நிலச் சொந்தக்காரருக்கு நியாயமான அக்கறை உண்டு, அதற்கு 85 பவுண் அதிகம் இல்லை என்றார்கள். சரி, சட்டம் அதுதான். ஆனால் அந்த வழக்கில் வெளிவந்த இன்னொரு விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்த இடத்தை நிர்வகிக்கும் உரிமைக்காகப் பார்க்கிங் நிறுவனம்தான் நிலச் சொந்தக்காரருக்கு வாரத்துக்கு 1,000 பவுண் கொடுத்துக்கொண்டிருந்தது. காவல் காக்கிறவன் சம்பளம் வாங்குவதுதான் வழக்கம். இங்கே காவல்காரன் காசு கொடுத்துக் காவல் காத்தான். அந்த 1,000 பவுண் பிழை விடுகிற ஓட்டுநர்களிடமிருந்துதான் திரும்பி வர வேண்டும்.

அப்படி ஒரு தொழிலின் கையில் ஆதாரத்தைச் சரிபார்க்கும் பொறுப்பையும் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கமெராவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பார்ப்பது வாசலில் உள்ளே போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும்தான். தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை இடம் தேடி இருபது நிமிடம் சுற்றினாலும் அதன் கணக்கில் அது நிறுத்திய நேரம்தான். காலையில் ஒருமுறை போய்வந்து மாலையில் இன்னொருமுறை போனால், நடுவில் ஒரு வெளியேற்றத்தையும் ஒரு நுழைவையும் கமெரா தவறவிட்டால், நாள் முழுக்க அங்கேயே நின்றதாகக் கடிதம் வரும். சேர்ஜரி வரவேற்பில் இருக்கும் திரையில் கார் இலக்கத்தைத் தட்டும்போது பூச்சியத்துக்குப் பதில் ஓ என்று தட்டிவிட்டால் இலவச அனுமதியும் போய்விடும். மணிக்கூட்டைப் பார்க்கவே கண்ணாடி தேவைப்படுகிற மனுசர்கள்தான் அந்தத் திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். காசு கட்டிய பிறகும், உள்ளே வந்து ஐந்து நிமிடத்துக்குள் கட்டவில்லை என்று டெர்பியில் ஒரு பெண்ணிடம் 1,906 பவுண் கேட்ட கதை 2024இல் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆர்ப்பாட்டம் எழுந்த பிறகுதான் தொழில் சங்கங்கள் அந்த ஐந்து நிமிட விதியைத் திருத்தின. அது வரைக்கும் போன ஒவ்வொரு கோரிக்கைக்கும் உங்கள் கணினி நியாயமான காரணம் இருப்பதாகத்தான் எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. பதிவில் பெயர் உள்ளவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால், காரில் நோட்டீஸ் ஒட்டாத கமெரா வழக்கில், கடிதம் 14 நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அந்த நான்காவது அட்டவணை சொல்கிறது. பிந்தினால் ஓட்டியவரைத்தான் தேட வேண்டும். எந்தத் திகதியில் நடந்தது என்பது கோரிக்கையிலேயே இருக்கும். எந்தத் திகதியில் கேட்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கழித்துப் பார்க்க ஒரு கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் 14 நாள் தாண்டி வருகிறவர்களுக்கும் விவரம் போகிறது. ஸ்கொட்லாந்தில் அந்த அட்டவணையே செல்லாது, பதிவில் பெயர் இருப்பதால் மட்டும் யாரும் பொறுப்பாளி ஆவதில்லை. அங்கேயும் கொடுக்கிறீர்கள். அப்பாவின் பெயரில் கார், ஓட்டுவது மகனும் மருமகளும் என்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். கடிதம் அப்பாவுக்கு வரும். யார் ஓட்டினார் என்று தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஓட்டியவரின் பெயரும் விலாசமும் சொன்னால் பொறுப்பு அவரை விட்டு நீங்கும். இந்த இரண்டும் தெரியாமலே பயந்து கட்டிவிடுகிறார்.

பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. இப்போது கட்டினால் 60. வாதாடித் தோற்றால் 100. பேசாமல் இருந்தால் கடன் வசூலிப்பவர் கடிதத்தோடு இன்னொரு 70 சேர்ந்து 170. அப்புறம் கவுண்டி நீதிமன்றம். வீடு மாறி லோக் புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) விலாசம் மாற்றாதவருக்கு இது எதுவும் தெரியாது, எல்லாக் கடிதமும் பழைய வீட்டுக்குப் போகும். அவர் இல்லாமலே தீர்ப்பாகி ஆறு வருடம் கடன் பதிவில் நிற்கும். மோட்கேஜுக்குப் போகும்போதுதான் தெரிய வரும். விலாசம் மாற்றுவது அவர் கடமை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடமையைத் தவறினால் 1,000 பவுண் வரை அபராதம் போடுகிற சட்டம் உங்களிடம் இருக்கிறது.

எனக்கு வலிப்பது அந்த இடத்தில்தான். கடையில் பொயிண்ட்ஸ் கார்டுக்கு விலாசம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. வரிக்கும் பொலிசுக்கும் வீதிப் பாதுகாப்புக்கும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதால் தருகிறோம். கட்டாயத்தின் பேரில் வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, சும்மா வாங்கியதைவிடக் கூடுதல் கவனம் வேண்டாமா?

2.50இல் நாங்கள் இலாபம் பார்ப்பதில்லை, செலவைத்தான் ஈடு செய்கிறோம் என்பது உங்கள் வழக்கமான பதில். நம்புகிறேன். ஆனால் 14.4 மில்லியனை 2.50ஆல் பெருக்கினால் 36 மில்லியன் பவுண் வருகிறது. ஒரு படத்தைக்கூடப் பார்க்காத வேலைக்கு இவ்வளவு செலவு என்றால், கொஞ்சம் கூட்டி வாங்கிப் படத்தையும் பார்க்கலாமே. 60 பவுண் கேட்கப் போகிறவருக்கு 5 பவுண் பாரமாக இருக்காது.

பார்க்கிங் நிறுவனங்களுக்கான அரசாங்க விதிக்கோவை வந்தால் எல்லாம் சரியாகும் என்று அமைச்சர் சொல்லக்கூடும். அதன் கதையையும் பார்த்துவிட்டோம். 2019 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 2022 பெப்ரவரியில் கோவை வந்தது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலானவற்றை 50 பவுணாகக் குறைத்தது, கடன் கடிதத்துக்காகக் கூட்டும் தொகையைத் தடை செய்தது. பார்க்கிங் நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூனிலேயே அரசாங்கம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024இல் தொழில் சங்கங்கள் இரண்டும் தாங்களே ஒரு கோவையை எழுதின. அதில் உச்சம் மறுபடியும் 100தான். 2025 ஜூலையில் அரசாங்கம் திரும்பவும் மக்களிடம் கருத்துக் கேட்டது. இந்த வேகத்தில் என் மகள் லைசன்ஸ் எடுத்து, ஒரு கார் வாங்கி, அதை விற்று, இன்னொரு கார் வாங்கிவிடுவாள்.

கோவைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால்தான் அமைச்சரோடு சேர்த்து உங்களுக்கும் எழுதுகிறேன். பெயர் கிடைக்காவிட்டால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் காசு இல்லை. கோவையை மீறிய நிறுவனங்களின் தொடர்பை நீங்கள் முன்பு நிறுத்தியும் இருக்கிறீர்கள். நிறுத்தப்பட்டவர்கள் எவ்வளவு சீக்கிரம் திருந்தினார்கள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

2022 ஜூனில், தனிப்பட்ட விவரங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் உங்கள் விஷயத்தில் ஒரு கருத்து வெளியிட்டார். விவரம் கொடுப்பதே சட்டவிரோதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லிவந்த சட்ட அடிப்படை பிழை, சட்டக் கட்டாயத்தால் கொடுக்கிறோம் என்று சொல்ல முடியாது, பொதுப்பணி என்ற அடிப்படையில்தான் கொடுக்க முடியும் என்றார். வக்கீல்களின் சண்டை மாதிரித் தெரியும். ஆனால் பொதுப்பணி என்றால், என் விவரத்தைக் கொடுக்காதே என்று ஆட்சேபிக்கும் உரிமை எனக்கு வருகிறது. ஏற்பதா மறுப்பதா என்று நீங்கள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த செய்தியே எனக்குத் தெரியாவிட்டால் எதை ஆட்சேபிப்பது? யார் யாருக்கு என் விவரம் போனது என்று எழுதிக் கேட்டால் சொல்வீர்கள், காசும் இல்லை. வாசிக்கிற எங்கள் ஆட்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்டால்தான் சொல்வது என்பது, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் உரிமை என்று ஆகிவிடுகிறது.

ஆகவே என் விவரத்தை யாராவது எடுத்தால் அன்றைக்கே எனக்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். எந்த நிறுவனம், எந்தக் கார் பார்க், எந்தத் திகதி என்று இருந்தால் போதும். ரோட் டக்ஸ் முடியப்போகிறது என்று நினைவூட்ட உங்களுக்கு முடிகிறது, இதற்கும் முடியும். படங்களையும் நேரத்தையும் கோரிக்கையோடு சேர்த்துத் தராதவருக்குக் கொடுக்காதீர்கள். 14 நாள் தாண்டியதையும் ஸ்கொட்லாந்திலிருந்து வருவதையும் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். மேன்முறையீட்டில் அடிக்கடி தோற்கும் கார் பார்க்குகளுக்கு, அவை திருந்தும் வரைக்கும், இணைப்பை மூடி வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த நிறுவனத்துக்கு எத்தனை விவரம் கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறீர்கள். நல்ல விஷயம். அடுத்த பட்டியலில் இன்னொரு நிரலையும் சேருங்கள்: எத்தனை கோரிக்கையை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவன்
ஹாரோ