வேகம் மட்டும் போட்டா போதாது

ஆசிரியருக்கு வணக்கம். சூரியப் புயல் நியூஸ்ல எப்பவும் சூரியன்லேருந்து வீசற துகள் காத்தோட வேகத்தை மட்டும்தான் போடுறீங்க, ஆனா செகண்டுக்கு 400 கிலோமீட்டரோ 800ஓ, அதைவிட முக்கியம் அந்தக் காத்து கூடவே இழுத்துட்டு வர்ற காந்தப்புலம் எந்தப் பக்கம் பாத்திருக்குங்கறதுதான். வடக்கு பாத்திருந்தா பூமியோட காந்தப்புலம் பெரும்பாலும் அதை ஒதுக்கி விட்டுடும். தெற்கு பாத்து வந்தா அதோட காந்தக் கோடும் பூமியோட காந்தக் கோடும் அறுந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், எனர்ஜி உள்ள பாஞ்சு பூமிக்குப் பின்னாடி வால் மாதிரி நீண்டிருக்கற பகுதில சேந்து அங்கேருந்து துருவங்கள் பக்கம் கொட்டும். 1989 மார்ச்ல கனடாவோட கியூபெக்ல 9 மணி நேரம் கரண்ட் போனதும், 2024 மே மாசம் லடாக் ஹான்லேல வானம் செவந்ததும் இப்படிப்பட்ட புயலாலதான். பூமிலேருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு சூரியனை ஆராயற நம்ம விண்கலம் ஆதித்யா எல்1லயே இந்தக் காந்தப்புலத்தை அளக்கற மேக்னடோமீட்டர் இருக்கு. அடுத்த தடவை திசையையும் சேத்துப் போடுங்க சார்.

- உங்க தினசரி வாசகர்