ஏரிக்குள் இருந்த நம் அறை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, டாக்டரிடம் காட்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தி.நகரில், பாண்டி பஜாரைத் தாண்டி மவுண்ட் ரோடு பக்கம் நாம் தங்கியிருந்த அறை ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி பிறந்தால் போதும், தண்ணீர் வாசற்படி ஏறிவிடும். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "மெயின் ரோட்டுல தண்ணி இல்ல, நமக்கு மட்டும் எங்கேருந்துடா வருது?" என்று கேட்பாய். அதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

மூன்று வாரமாக இங்கே ஒரு பழைய நூலகத்தின் வரைபடப் பிரிவுக்குப் போய்வருகிறேன். முதல் இரண்டு நாளும் மெட்ராஸ், மாம்பலம், மயிலாப்பூர் என்று பெயர் பெயராகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சர்வே தாள்களைப் பெயரால் தேடக்கூடாது, எண்ணால் தேடவேண்டும் என்று அங்கிருந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். நாட்டை நான்கு பாகைக்கு (டிகிரிக்கு) நான்கு பாகை கட்டங்களாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்தில் பதினாறு, ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் மறுபடி பதினாறு தாள். தி.நகர் 66 சி/4-இல் வருகிறது. கொஞ்சம் கிழக்கே போனால் மயிலாப்பூர் அடுத்த தாளுக்குப் போய்விடும். எண்ணைச் சொன்னதும் இழுப்பறை திறந்தது. அதே இழுப்பறையில், அடியில், நகரத்தின் பழைய சர்வே படம் ஒன்று யாரும் கேட்காமல் கிடந்தது.

துணி ஒட்டிய தாள். மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, மடிப்புகள் சந்திக்கும் முனைகளில் மிளகு அளவுக்கு ஓட்டை. அதில் நம் தி.நகர் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் ஒரே ஏரி, அரிவாள் போல வளைந்து கிடக்கிறது. லாங் டேங்க் என்று போட்டிருக்கிறது. 1923 வாக்கில் அதன் தண்ணீரை வடித்துத்தான் மாம்பலத்தை ஒட்டி தியாகராய நகரை அமைத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதைதான். வடகோடியில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இப்போது வள்ளுவர் கோட்டம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கரையைக் கோடாகப் பார்ப்பது வேறு.

நகல் எடுப்பதில் முதலில் ஒரு தப்பு செய்தேன். போனில் படம் பிடித்து, ஒரு கடையில் பிரிண்ட் போட்டேன். தாளுக்குள் அடங்கவேண்டும் என்று அவர்கள் கொஞ்சம் சுருக்கிவிட்டார்கள். ஓர் அங்குலத்துக்கு இத்தனை அடி என்று படத்தில் எழுதியிருந்ததை நம்பி அளந்தால், ஏரிக்கரை யாரோ ஒருவர் வீட்டு மாடியில் போய் நிற்கிறது. இரண்டு நாள் உழைப்பு வீண். நகலில் எழுத்தை நம்பக்கூடாது, கீழே வரைந்திருக்கும் அளவுகோல் பட்டையைத்தான் நம்பவேண்டும். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும். இப்போது ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஓர் எஃகு ஸ்கேலையும் வைத்துக்கொள்கிறேன். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்திலும் கொஞ்சம் விழுகிற மாதிரி எடுக்கிறேன்.

அப்புறம் அனுமதி கேட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டுக் கையாலும் வரைந்தேன். பென்சில் மட்டும்தான், பேனாவை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். கரையைச் சீப்புப் பல் போலச் சின்னச் சின்னக் கோடுகளால் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பல்லாக இழுத்துக்கொண்டே போனேன். மவுண்ட் ரோடு அந்தக் கரையை ஒட்டியே போகிறது. நாம் மேடு என்று நினைத்த மெயின் ரோடு கரைப் பக்கம். நம் அறை கரைக்கு உள்பக்கம், தண்ணீர் நின்ற பள்ளத்தில். தண்ணீர் எங்கிருந்தும் வரவில்லையடா, அது இருந்த இடத்துக்குத்தான் நாம் குடிவந்திருக்கிறோம். பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்குலத்துக்கு நான்கு மைல் அளவில் வந்த பழைய 'அட்லஸ் ஆஃப் இந்தியா' தாளைக் கணினியில் இன்றைய படத்தின்மேல் பொருத்திப் பார்த்தேன். ஊர் முழுக்கக் கிழக்கே நகர்ந்து கடலுக்குள் போய்விட்டது! காரணம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துத்தான் மற்ற இடங்களையெல்லாம் கணக்கிட்டார்கள். வியாழனின் நிலாக்கள் மறைவதைப் பார்த்து நேரம் குறித்த காலம் அது. 80 பாகை 17 கலை (நிமிடம்) 21 விகலை (விநாடி) என்று கொண்டார்கள். பிற்பாடு தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது 80 பாகை 14 கலை 54 விகலை என்று திருத்தவேண்டி வந்தது. வித்தியாசம் நம் ஊர் அட்சரேகையில் கிட்டத்தட்ட 4.4 கிலோமீட்டர். அந்த அளவுக்கு மேற்கே இழுத்ததும் கடற்கரை கடற்கரைமேல் வந்து உட்கார்ந்தது. அத்தனை ஊரையும் அத்தனை குளத்தையும் ஒன்றுக்கொன்று சரியாகவே வைத்திருக்கிறார்கள், மொத்தமாகத்தான் தள்ளிப்போயிருக்கிறது. சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் மட்டும் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து அளந்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

மழைச் செய்தியில் தினமும் நுங்கம்பாக்கம் என்கிறார்களே, அந்த வானிலை அலுவலக வளாகத்தில்தான் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. ஆங்கிலேய சர்வேயர் லாம்டன் 1802-இல் தன் அளவைக்கு ஆதாரமாகக் குறித்த புள்ளி அந்தத் தூணுக்கு ஆறடி தெற்கே, ஓரடி மேற்கே இருந்ததாக அதில் பொறித்திருக்கிறது. தையில் நீ வரும்போது அனுமதி வாங்கிப் போய்ப் பார்ப்போம். உன் தாத்தா ஊர் ஏரியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிராம சர்வே படங்களைத் தேடவேண்டும். பத்திரத்தில் இருக்கும் பழைய சர்வே எண்ணை எழுதி அனுப்பு. தாலுகா பெயரையும் அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே எழுது.

டிரேசிங் நகலை அட்டைக் குழாயில் சுருட்டிப் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மடித்துவிடாதே. கரைக்கு உள்பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அதுதான் நம் அறை.

அன்புடன்,
உன் மாம்பலத்து நண்பன்