முதுமை இயற்கையின் திட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான முதுமை பற்றிய கட்டுரை, இளைய தலைமுறைக்கு இடம்விடுவதற்காகவே இயற்கை உயிர்களை மூப்படையச் செய்கிறது என்கிறது. பலரும் நம்பும் இக்கருத்தைப் பரிணாம உயிரியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

காட்டெலிகளில் மிகப் பல, மூப்படையும் முன்பே ஆந்தைக்கோ பாம்புக்கோ இரையாகிவிடுகின்றன. அவற்றை அப்புறப்படுத்த முதுமை என்ற தனி ஏற்பாடு தேவையே இல்லை. இளம் வயதிலேயே கேடு செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு கழித்துவிடும் என்றும், பிற்காலத்தில் மட்டும் கேடு செய்வது அதற்குள் குட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால் தப்பிவிடும் என்றும் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1950களின் தொடக்கத்திலேயே விளக்கினார். இளமையில் நன்மையும் முதுமையில் தீமையும் செய்யும் மரபணுக்கள் பெருகவே செய்யும் என்று 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் காட்டினார். கிடைக்கும் ஆற்றலை இனப்பெருக்கத்துக்கும் உடலைப் பழுதுபார்ப்பதற்கும் பங்கிட வேண்டியிருப்பதால் பழுதுபார்ப்பு குறைபடுகிறது என்பது 1977இல் தாமஸ் கிர்க்வுட் கூறியது.

இந்த விளக்கங்களுக்கு வௌவாலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சுண்டெலி எவ்வளவு பாதுகாப்பாக வளர்த்தாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. அதைவிடச் சிறிய பிராண்ட் வௌவால் ஒன்றோ, சைபீரியாவில் அடையாளமிட்டு விடப்பட்டு, 41 ஆண்டுகள் கழித்தும் உயிருடன் பிடிபட்டது. பறந்து தப்பிக்கும் உயிருக்கு நெடுநாள் வாழும் வாய்ப்பு இருப்பதால், அதன் உடலைப் பேணும் மரபணுக்களையும் இயற்கைத் தேர்வு நெடுங்காலம் காத்துவருகிறது.

அக்கட்டுரை ஆன்டி-ஆக்சிடன்ட் (ஃப்ரீ ராடிக்கல்களைத் தணிக்கும் பொருள்) மாத்திரைகள் முதுமையைத் தடுக்கும் என்றும் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. செல்களில் உண்டாகி அவற்றைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளே மூப்புக்குக் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த கருத்திலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. ஆனால் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி-ஆக்சிடன்டை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

மயிலாப்பூரில் நான் மருந்து வாங்கும் கடையில் அண்மையில் முதியவர் ஒருவர், பணம் போதாமல் ரத்த அழுத்த மாத்திரையில் ஓர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இளமை காக்கும் என்று அச்சிட்ட டப்பாவை வாங்கிச் சென்றார். அவரைப் போன்றவர்கள் தங்கள் இணைப்பை நம்பிப் படிப்பவர்கள். ஆகவே, இந்த ஆய்வு முடிவை அக்கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறும், மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம் என்று குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.