'சட்டத்தின் ஓட்டை' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்த கொலைகாரர்களை உயர் நீதிமன்றம் சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டி விட்டுவிடுகிறது, மேல்முறையீட்டுக்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. பறிகொடுத்த வீட்டின் பக்கம் நின்று பேசுகிறார். ஆனாலும் அவர் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கிறது. நேரில் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லாத ஒரு கொலை வழக்கின் கட்டை, அதாவது வழக்கு ஆவணங்களின் தொகுப்பை, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எழுத்தெண்ணிப் படித்தவன் நான். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்து விடுதலையானவன் என் அக்கா மகன்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். திருவிழாவில் வெள்ளிக்கிழமை இரவு நாடகம் நடந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அன்று வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை, கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் அவர் உடல் கிடந்தது. தலையில் வெட்டுக்காயம். அவருக்கும் என் அக்கா வீட்டுக்கும் கிணற்றுப் பங்கு விஷயத்தில் பழைய தகராறு உண்டு; நாங்கள் அதை மறைக்கவில்லை. போலீஸார் அன்று மாலையே என் மருமகனைத் தேடி வந்துவிட்டார்கள்.

அரசுத் தரப்பு கோத்த சங்கிலியில் மூன்று கண்ணிகள். கிணற்றுத் தகராறு ஒன்று. வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனதைப் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னது இரண்டாவது. வாக்குமூலத்தின்பேரில் எடுத்ததாகக் காட்டிய அரிவாள் மூன்றாவது. நேரில் பார்த்தவர் இல்லாமல் இப்படிச் சூழ்நிலைகளைக் கோத்துக் காட்டுவதைத்தான் சந்தர்ப்ப சாட்சியம் என்கிறோம்.

சந்தர்ப்ப சாட்சியத்தை வைத்துத் தண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோகுல்ராஜ் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் அந்த இளைஞரின் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடைத்தது. முக்கியமான சாட்சி, முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சியானார். ஆனால் அவர் கடைசியாக உயிரோடு காணப்பட்ட திருச்செங்கோடு மலைக்கோயிலின் கேமராப் பதிவுகள் இருந்தன. 2022 மார்ச்சில் மதுரை தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அந்தக் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய், கேமரா எங்கே இருந்தது, எந்த வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்து, 2023 ஜூன் 2 அன்று தீர்ப்பைப் பெருமளவு உறுதி செய்தார்கள். கண்ணிகள் உறுதியாக இருந்தால் மேல்முறையீட்டிலும் தண்டனை நிற்கும். குற்றவாளியை விடுவிப்பதற்கென்றே மேல்முறையீடு இருப்பதாக அன்பர் நினைத்தால், இந்தத் தீர்ப்பை அவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் கட்டுக்கு வருகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். தேற்றத்தை நிறுவும்போது நடுவில் ஒரு வரியை ஊகமாக எழுதிவிட்டு, கடைசி வரி சரியாக வந்திருக்கிறது என்று ஒரு மாணவன் சொன்னால் மதிப்பெண் போடமாட்டேன். அந்தக் கண்ணோடுதான் கட்டைப் படித்தேன்.

பிரேதப் பரிசோதனை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. பரிசோதனைக்கு 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன்பு இறந்திருக்கலாம் என்பது டாக்டரின் சான்று. அப்படியானால் மரணம் சனி அதிகாலை மூன்று மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில். டீக்கடைக்காரர் பார்த்ததாகச் சொன்னது வெள்ளி இரவு ஒன்பது. குறைந்தது ஆறு மணி நேரம், கூடினால் பதினெட்டு மணி நேரம் அந்த மனிதர் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்று கட்டில் ஒரு வரி இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டிருந்த திருவிழா இரவு அது. கடைசியாகச் சேர்ந்து பார்த்த நேரத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் வேறொருவர் குறுக்கிட வழியில்லாத அளவுக்கு இடைவெளி சிறியதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. முகம் பார்த்துப் பேசாத அளவுக்குப் பகை என்று முதல் கண்ணி சொல்கிறது. இரண்டாவது கண்ணியோ இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறது. எப்படி ஏறினார் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

டீக்கடைக்காரரின் வாக்குமூலம் ஞாயிற்றுக்கிழமையே பதிவானதாகத் தேதி போட்டிருந்தது. ஆனால் அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது குற்றப்பத்திரிகையோடுதான். பின்னால் எழுதிவிட்டு முன்தேதி போட்டார்களோ என்ற சந்தேகம் எழத்தானே செய்யும்? அந்த முத்திரைத் தேதியை எங்கள் வக்கீல் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

அரிவாளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் இது வழக்கமாக வருவது. கைது செய்வார்கள், கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சியாக நிற்க, 'என்னை அழைத்துச் சென்றால் ஆயுதத்தை எடுத்துக் காட்டுகிறேன்' என்று ஒரு வாக்குமூலம் பதிவாகும், எடுப்பார்கள், எடுத்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கைப்பற்றுதல் மகஜர் எழுதுவார்கள். எங்கள் கட்டிலும் அப்படியே. கால்வாய்க் கரையில், ஆடு மாடு மேய்ப்பவர்கள் நாள் முழுவதும் புழங்குகிற இடத்தில், சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து காலை ஆறு மணிக்கு அரிவாள் எடுக்கப்பட்டதாக மகஜர் சொல்கிறது. குறுக்கு விசாரணையில் அந்தக் கிராம அலுவலரே, தான் பத்து மணி பஸ்ஸில் வந்து காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டதாக ஒப்புக்கொண்டார். தடய அறிவியல் அறிக்கையில் அரிவாளில் இருந்தது மனித இரத்தம் என்று இருந்தது. எந்த வகை என்ற கட்டத்தில், கண்டறிய இயலவில்லை என்று இருந்தது. இறந்தவரின் இரத்தம்தான் அது என்பதற்கு வேறு எந்த ஆதாரமும் இல்லை.

போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பதை நம் மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. 27-ஆவது பிரிவில் ஒரு சிறிய விலக்கு உண்டு: வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு வழக்கில், அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1947-லேயே இதற்கு எல்லை வகுத்துவிட்டது. பொருள் எங்கே இருந்தது, அந்த இடம் இவனுக்குத் தெரிந்திருந்தது என்பது வரை சரி. 'இதனால்தான் வெட்டினேன்' என்ற பகுதி சேராது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த விதி மாறவில்லை. ஆனால் கைதான மறுநாள் என் மருமகனின் புகைப்படத்தோடு, 'வெட்டிக் கொன்றதை ஒப்புக்கொண்டான்' என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஊர் அதைத்தான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

விசாரணையின் முடிவில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிமன்றமே நேரடியாகக் கேள்வி கேட்கும். சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்வார்கள். எங்கள் கட்டில் அந்தத் தாள்கள் முழுவதும் வலது பக்கத்தில் ஒரே பதில்: பொய். வரிசையாக, பக்கம் பக்கமாக, பொய். பத்தாவதோடு படிப்பை விட்டவன். அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? இறந்தவரை எங்கே இறக்கிவிட்டான் என்று அவன் விளக்கவில்லை, ஆகவே அவன்தான் கொன்றிருக்க வேண்டும் என்று வழக்கை விசாரித்த கீழ் நீதிமன்றமான அமர்வு நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. வண்டியில் ஏற்றவே இல்லை என்பவன் இறக்கிவிட்ட இடத்தை எப்படிச் சொல்வான்?

அரசுத் தரப்பு தன் வழக்கை முதலில் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் மௌனத்தை எடுத்து அந்தக் குழியை நிரப்பக் கூடாது. 1956-ல் அஜ்மீர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 1984-ல் வந்த சரத் பிர்திசந்த் சார்தா வழக்கின் தீர்ப்பை எங்கள் வக்கீல் எனக்குப் படிக்கக் கொடுத்தார். புனேயில் மனைவியை விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தது, மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து அவன் குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்ல வேண்டும், அவன் நிரபராதியாக இருக்கக்கூடிய எந்த நியாயமான வழியும் மிஞ்சக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. 'இருக்கலாம்' போதாது, 'இருந்தே ஆக வேண்டும்' என்று வர வேண்டும். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது. இன்றும் நாடு முழுவதும் சந்தர்ப்ப சாட்சிய வழக்குகளை இதைக் கொண்டுதான் உரைத்துப் பார்க்கிறார்கள். அன்பர் இதையும் ஓட்டை என்பாரா? சார்தா தூக்குமேடையை நோக்கி இரண்டு நீதிமன்றங்களைக் கடந்து வந்திருந்தார்.

ஒத்தக்கடை பக்கம் உலகநேரியில் இருக்கிற மதுரைக் கிளையில் எங்கள் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் பார்ப்பதுபோல் ஒன்றும் இல்லை. புதிய சாட்சி யாரும் வரவில்லை. இரண்டு நீதிபதிகளும் வாக்குமூலத் தாள்களைப் புரட்டிப் புரட்டி, அரசு வழக்கறிஞரிடம் அந்தப் பதினெட்டு மணி நேரத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்புறம் மகஜரின் நேரம். அப்புறம் இரத்த வகை. ஓய்வூதியக்காரனான எனக்கு அன்று கண் கலங்கியது உண்மை. எங்கள் கட்டை யாரோ பொறுமையாகப் படித்தார்கள் என்பதே போதுமாக இருந்தது. இந்தக் கிளை தொடங்கிய 2004 ஜூலை 24-க்கு முன்பு இதற்காக எங்கள் மக்கள் சென்னைக்குப் போய் அலைந்தார்கள். அப்படி அலைய முடியாமல் உள்ளேயே கிடந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

விடுதலையான பிறகு ஊரில் காசு விளையாடிவிட்டது என்று பேசுகிறார்கள். எங்கள் காசெல்லாம் கீழ் நீதிமன்ற விசாரணையிலேயே தீர்ந்துவிட்டது. அக்கா கறவை மாடுகளை விற்றார், நகையை விற்றார். மேல்முறையீட்டை நடத்தியவர் சட்டப்பணிகள் குழு நியமித்த இலவச வக்கீல்தான். டீக்கடைக்காரரின் முத்திரைத் தேதியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

இறந்தவரின் தாயார் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். என் மருமகன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய மகனைக் கொன்றவர் யார் என்று இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொலையாளி தப்பியது உயர் நீதிமன்றத்தில் என்று அன்பர் எண்ணுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே, பகை இருந்த வீட்டில் ஒரு பையனைப் பிடித்துவிட்டு வேறு எந்தப் பக்கமும் விசாரிக்காமல் விட்டார்களே, அப்போதே தப்பிவிட்டான். அந்தத் தாயாருக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பொறுப்பு அங்கே இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கைதும் தண்டனையும் புகைப்படத்தோடு நான்கு பத்தியில் வருகின்றன. விடுதலை எட்டாம் பக்கத்தில், 'சந்தேகத்தின் பலனால் விடுதலை' என்று நான்கு வரியில் வருகிறது. எந்தச் சாட்சியம் எதனால் நிற்கவில்லை என்று ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன; தங்கள் நிருபருக்கு அது அரை மணி நேர வேலை. என் மருமகனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், அந்த நான்கு வரியைக் கத்தரித்து வைத்திருந்து எடுத்துக் காட்டினார்கள்.

இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது. தீர்ப்பின் நகலை இலவசமாகவே தர வேண்டும். உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவும் மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கத் தனி மனு போடலாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
மேலூர் வட்டம்.

(என் மருமகனை முன்னிட்டு என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)