கடைக்காரர்களே, கூவுவதைக் குறையுங்கள், எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை வந்தால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதும், காலையில் நாளிதழை விரித்தால் நாலைந்து நோட்டீஸ் மடியில் விழுவதும், பில் போடும்போது வாங்கிய போன் நம்பருக்கு மறுநாளிலிருந்து ஆஃபர் செய்தி குவிவதும் வடசென்னை வாசகர்களுக்குப் புதிதல்ல. இதனால் பொதுமக்களுக்கு ஏற்படும் தொந்தரவைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது கடைக்காரர் பக்கத்துக் கணக்கு. இந்தக் கூவலுக்குப் போடும் பணத்தில் பெரும்பகுதி வீண். தனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி வாரம் ஒரு பயனுள்ள குறிப்பை, கேட்டவர்களுக்கு மட்டும் எழுதி அனுப்பும் கடைக்கு வாடிக்கை நிலைக்கும்.

இது வெளியூர் யோசனையும் அல்ல. மளிகைக் கடை கொடுக்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் பார்க்க வீட்டில் ஒருவராவது தினமும் அதன் முன் நிற்கிறார். கடையின் பெயரும் கூடவே ஒரு வருடம் ஆணியில் தொங்குகிறது. அதே கடை அச்சடித்த நோட்டீஸ் அன்று மாலையே பஜ்ஜி மடிக்கப் போய்விடுகிறது. முதலாவதில் வீட்டுக்காரருக்குத் தேவையான விஷயம் இருக்கிறது. இரண்டாவதில் கடைக்காரருக்குத் தேவையானது மட்டும்தான் இருக்கிறது.

சட்டமும் இப்போது கூவுவோர் பக்கம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. வடசென்னையில் கீழே கடை, மேலே வீடு. அந்த 55-ஐ எந்த விளம்பர ஆட்டோவும் மதித்ததாகத் தெரியவில்லை. பில் போட போன் நம்பர் கொடுத்தே ஆகவேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் முன்கூட்டியே பதிய வேண்டும். புரோக்கரிடம் நம்பர் பட்டியல் வாங்கி, சாதாரண பத்து இலக்க சிம்மிலிருந்து அனுப்புகிறவர்களின் இணைப்பே துண்டிக்கப்படலாம். செய்தியைப் பெற்றவர் 1909 என்ற எண்ணில் புகார் செய்ய முன்பு 3 நாள்தான் அவகாசம் இருந்தது. 2025-இல் அதை 7 நாளாக்கிவிட்டார்கள்.

சரி, என்னத்தை எழுதுவது? 'எனக்கு எழுத வராது சார்' என்பதுதான் எல்லாக் கடையிலும் கிடைக்கும் முதல் பதில். எழுத வேண்டியதை வாடிக்கையாளர்களே தினமும் கல்லாவுக்கு எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கல்லா ஓரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கேட்கப்படும் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கடைப் பையன் குறித்து வரட்டும். இரண்டு வாரத்தில் ஒரே கேள்வி பல தடவை வந்திருக்கும். அதுதான் முதல் குறிப்பு. கேள்வியையே தலைப்பாக்கி, பதிலைக் கடையில் வாயால் சொல்வதுபோலவே எழுதுங்கள். செந்தமிழ் தேவையில்லை.

உதாரணத்துக்கு, வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ இருக்கும் ஒரு டூவீலர் மெக்கானிக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை நாடே பார்த்தது. அந்த மெக்கானிக் அக்டோபர் முதல் வாரத்திலேயே 'வண்டி தண்ணியில மூழ்கிடுச்சு, என்ன செய்யணும்?' என்று ஒரு குறிப்பு அனுப்பலாம். அதில் இருக்க வேண்டியவை இவை. சைலன்சர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃப் போடாதீர்கள், கிக்கரும் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை எஞ்சின் பிரிக்கும் வேலையாவது இப்படித்தான். முதலில் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஆயில் லெவல் பார்க்கும் இடத்தில் ஆயில் பால் டீ நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். கடையில் பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, பேப்பர் ஏர் ஃபில்டரை மாற்றி, ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி புது ஆயில் ஊற்ற வேண்டும். 'ஏன் ரெண்டு தடவை ஆயில் காசு கேக்குறான்?' என்ற சந்தேகம் முன்கூட்டியே தீர்ந்துபோகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு வரம்பு) வண்டிகளில் சென்சார்கள் அதிகம் என்பதால் வீட்டில் எதையும் பிரிக்க வேண்டாம் என்ற வரியும் அவசியம்.

இதில் கடைக்கான விளம்பரம் ஒரு வரிகூட இல்லை. அடியில் கடை பெயர், இடம், போன் நம்பர், 'தள்ளிக்கொண்டு வர ஆள் அனுப்புவோம்' என்ற தகவல், அவ்வளவுதான். மழை வந்த அன்று அந்தத் தெருவில் யார் போன் ஒலிக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

காசிமேட்டு மீனுக்கு இந்த நீளம் ஒத்துவராது. காலை ஆறு மணிக்குள் நாலு வரி போதும்: இன்று என்ன வந்தது, கிலோ என்ன விலை, எது ஐஸ் சரக்கு, வெட்டிச் சுத்தம் செய்து தருவதுண்டா. 'சங்கராவும் கிழங்கானும் இன்று வந்தது. வஞ்சிரம் ஐஸில் இருந்தது' என்று எழுதத் துணிகிற வியாபாரியைத்தான் மறுநாள் நம்பி வாங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது ஊருக்கே தெரியும்; அந்த நாட்களில் விலை ஏன் ஏறுகிறது, நாட்டுப்படகில் என்னென்ன வருகிறது, வெளி மாநிலத்திலிருந்து வருவது எது என்று சொன்னால் விலைச் சண்டை பாதி குறையும். கிலோ விலை முழு மீனுக்கா, சுத்தம் செய்த எடைக்கா என்பதைத் தெளிவாகப் போடாததால்தான் மீன் கடையில் தகராறே வருகிறது.

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்பவருக்கு இன்னும் கடினமான சோதனை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வீட்டுக் குழாயில் அதற்குக் கீழே இருந்தால் உப்பைக் குறைப்பதற்காக ஆர்.ஓ. தேவையில்லை, கிருமிதான் கவலை என்றால் யு.வி. போதும். டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆகவே மீட்டரைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது ஏமாற்று. இதை ஆர்.ஓ. விற்கிற கடையே எழுதினால் நாலு மெஷின் விற்காமல் போகலாம். ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டுக்காரர், தேவையில்லாததை விற்காத கடையைத்தான் தேடி வருவார். நகைக் கடைக்காரர் எழுத வேண்டியதும் இப்படித்தான்: செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை பில்லில் எந்த வரிசையில் வர வேண்டும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (நகையின் ஹால்மார்க் அடையாளம்) குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் எப்படிச் சரிபார்ப்பது என்பது. மிக்ஸி, கிரைண்டர் விற்பவர்கள் ஒன்றே ஒன்று எழுதினாலும் போதும்: தெர்மல் பேப்பர் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைக்காவிட்டால் வாரண்டி கேட்கும்போது கையில் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

அனுப்பும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் குரூப் தொடங்குவது முதல் தவறு. குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளருக்கு யாரோ ஒருவன் 'ஹாய்' அனுப்பினால் பழி கடைக்குத்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் சரி. ஒரு லிஸ்டில் 256 பேர்வரை சேர்க்கலாம். பதில் அனுப்பினால் உங்களுக்கு மட்டும் வரும். 'நான் அனுப்பினேன், பாதிப் பேருக்குப் போகவே இல்லை' என்று பலர் புலம்புவதற்குக் காரணம் எளிது: உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாக நினைக்கிறார்கள். எங்களுக்கு அது நல்ல வடிகட்டியாகவே படுகிறது. உங்களைச் சேமித்து வைக்கும் அளவுக்கு மதிக்காதவருக்கு எதற்கு அனுப்புவது?

ஆகவே நீங்கள் நம்பர் கேட்காதீர்கள், அவர் அனுப்பட்டும். கல்லாவில் ஓர் அட்டை வையுங்கள்: 'காலை மீன் நிலவரம் வேண்டுமா? இந்த நம்பரைச் சேமித்து, மீன் என்று அனுப்புங்கள். வேண்டாமென்றால் நிறுத்து என்று அனுப்புங்கள்.' பக்கத்தில் கியூ.ஆர். குறியீடு. நிறுத்தச் சொன்னவரை அன்றே நீக்குங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. கேட்காதவர்களுக்கு அனுப்பி, பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் வாட்ஸ்ஆப் அந்தக் கணக்கையே முடக்கும்; ஆர்டர் வருவதும் அதே நம்பரில் என்றால் வியாபாரமே நின்றுபோகும்.

ஒரு குறிப்பில் ஒரே விஷயம். எட்டு வரிக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள் (மேலே சொன்ன மெக்கானிக் குறிப்பையும் 'வீட்டில்', 'கடையில்' என்று இரண்டாக்கலாம்). விலை போட்டால் தேதியும் போடுங்கள்; இல்லாவிட்டால் பழைய விலையைக் காட்டி ஆறு மாதம் கழித்து வந்து நிற்பார்கள். எழுத்தைப் படமாக்கி அனுப்பாதீர்கள். பின்னால் தேடினால் கிடைக்காது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் வாய்ஸ் மெசேஜ். வாரம் ஒன்று போதும், தீபாவளி வாரமானால் இரண்டு. 'இனிய காலை வணக்கம்' படங்கள் தயவுசெய்து வேண்டாம். இரண்டாவது வாரத்திலேயே உங்களை மியூட்டில் போட்டுவிடுவார்கள், அதன்பிறகு நல்ல குறிப்பு அனுப்பினாலும் கண்ணில் படாது.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்காக அதே குறிப்பை ஏ4 தாளில் இரண்டாக வரும்படி டைப் செய்து ஜெராக்ஸ் எடுத்துப் பையில் போடுங்கள். கடை வாசலில் இரண்டடிக்கு மூன்றடி கரும்பலகை. எழுத்து இரண்டு அங்குல உயரம் இருந்தால் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் தெரியும், ஐந்து வரிக்கு மேல் கொள்ளாது. பலகை நடைபாதையில் நிற்கக் கூடாது, சுவரில்தான்.

கெட்டுப்போகும் விதங்களும் சில உண்டு. மூன்று வாரம் சரியாகப் போகும், நாலாவது வாரம் குறிப்புக்குப் பதிலாக 'அதிரடி தள்ளுபடி' வரும், அத்தோடு முடிந்தது. நாலைந்து குறிப்புக்கு ஒன்று என்ற அளவில் புதுச் சரக்கைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, பதில் போடாமல் விடுவது. குறிப்பைப் படித்துச் சந்தேகம் கேட்டவர்தான் அடுத்து கடைக்கு வரப்போகிறவர்; அவருக்கு அன்றைக்குள் பதில் போக வேண்டும். மருந்துக் கடைக்காரர்களும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எழுதுவது 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம், வாட்ஸ்ஆப்பில் எழுதினாலும்தான். எல்லாக் கடைக்கும் பொதுவாக, பொய் விளம்பரத்துக்கு 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை உண்டு.

நோட்டீஸே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புதிதாகத் திறக்கும் கடை, இடம் மாறிய கடை, சுற்றி நாலு தெருவுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை ஒருமுறை செய்து நிறுத்திக்கொள்ளலாம். பலன் கிடைக்கிறதா என்று பார்க்க வழியும் எளிது: புது முகம் வந்தால் 'யார் சொல்லி வந்தீங்க?' என்று கேட்டு, பில் புத்தகத்தின் மூலையில் நோட்டீஸுக்கு நோ, குறிப்புக்கு கு, பழைய வாடிக்கையாளர் சொன்னதென்றால் வா என்று போட்டு வாருங்கள். முதல் இரண்டு மாதம் 'கு' அதிகம் இருக்காது, அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். குறிப்பைப் படித்தவர் அந்தச் சாமான் தேவைப்படும்போதுதான் வருவார். வடகிழக்குப் பருவமழை தொடங்க அக்டோபர் ஆகும். நோட்டை இந்த வாரமே கல்லாவில் கட்டிவிட்டால் அதற்குள் ஐந்தாறு குறிப்பாவது தயாராகிவிடும்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்கு அறிவிப்பு எழுதிக் கொடுப்போர் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021