‘எங்கும் கிடைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்: தமிழ் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் நெறியாளர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கல்லூரி நூலகர். முனைவர் பட்ட மாணவர்கள் பல ஆண்டுகளாக என் மேசைக்கு வந்து போகிறார்கள். அவர்களில் ஒரு மாணவியை என்னால் மறக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு இரண்டரை ஆண்டு உழைத்தவர். “இத்தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை” என்று முன்னுரையில் எழுதியிருந்தார். கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். நெறியாளரும் ஏற்றுக்கொண்டார். ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில மாதங்களே இருந்தபோது, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்த என் கண்ணில் கிட்டத்தட்ட அதே தலைப்பில் ஓர் ஆய்வேடு பட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பே பட்டம் பெற்ற ஆய்வு. அதைக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இயல்களைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. அவர் தேடிய இடம் ஒன்று, அது இருந்த இடம் இன்னொன்று. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அந்த உறுத்தலில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கூகுள் பொதுமக்களுக்கான தேடல். ‘முல்லை’ என்று தட்டினால் திணைக்கு முன்னால் முல்லைப் பெரியாறு வந்து நிற்கும். அது அதன் பிழையும் இல்லை. 2004இல் வந்த கூகுள் ஸ்காலர், பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் இணையத்தில் போட்டுவைத்த ஆய்வுக் கட்டுரைகளைத் தானே தேடித் திரட்டுகிறது. ஆனால் எவற்றையெல்லாம் திரட்டியிருக்கிறது என்ற பட்டியலை அது வெளியிடுவதில்லை. ஒரு தேடலுக்கு எத்தனை ஆயிரம் முடிவுகள் இருந்தாலும் முதல் 1,000 மட்டுமே காட்டும். அதே 2004இல் தொடங்கிய ஸ்கோபஸும், யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட மேற்கோள் அடைவிலிருந்து வளர்ந்த வெப் ஆஃப் சயின்ஸும் வேறு வகை. தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சங்கிலி போட்டுக் காட்டுபவை. வேதியியல் மாணவருக்கு இவை தலைவாசல். தமிழ் மாணவருக்கோ கொல்லைப்புறச் சன்னல் அளவுக்குத்தான் பயன்படும்.

மருத்துவத் துறையைப் பார்த்து நான் ஏங்குவதுண்டு. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் பேச்சுவழக்கில் இதயத் தாக்கு என்று ஆங்கிலத்தில் தட்டினாலும், அதற்குரிய மருத்துவக் கலைச்சொல்லையும் சேர்த்தே அது தேடிவிடும். 1960 முதல் பேணப்பட்டு வரும் கலைச்சொல் பட்டியல் ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. ஆட்கள் உட்கார்ந்து, கட்டுரைகளைப் படித்து, சொல்லுக்குச் சொல் முடிச்சுப் போட்ட வேலை அது.

நமக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் சோத்கங்காவில் தடுக்கி விழுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009இல் கொண்டுவந்த விதிமுறைக்குப் பிறகு ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பது வழக்கமாயிற்று. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் அந்தக் களஞ்சியத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் உள்ளன. தமிழ் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பல தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு அங்கே ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கிறது, அதுவும் ஏற்றியவர் கைக்கு வந்த எழுத்துக்கூட்டலில். சிலப்பதிகாரம் என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தை ‘எஸ்’ போட்டும் எழுதலாம், ‘சி’ போட்டும் எழுதலாம். ‘பி’ ஒன்றா இரண்டா? ‘டி’க்குப் பின்னால் ‘எச்’ உண்டா இல்லையா? நடுவில் வருவது ‘கே’யா, ‘ஜி’யா? நான்கு கேள்விகளிலேயே பதினாறு வடிவங்கள் ஆகிவிட்டன. என் மாணவி தேடியது அவற்றில் ஒன்றை. அந்த ஆய்வேடு இருந்தது இன்னொன்றில்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் இன்னொரு முறை. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட் போன்றவற்றில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் அமெரிக்க நூலகங்களின் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படியே இருக்கும். அங்கே சிலம்பு ‘சி’யில்தான் தொடங்கும். இந்த ஒரு தகவல் தெரியாமல், இருக்கிற நூலை இல்லை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தமிழிலேயே தேடினால்? அங்கேயும் சிக்கல். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டிய ஆய்வேடுகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அவை வெறும் குறியீட்டுக் குவியல். வருடியெடுத்த பக்கங்கள் வெறும் படங்கள். படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரிக்குக் (ஓசிஆர்) கொடுத்தால் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலென்றால் பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களில் இன்னும் தடுமாறும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் நம் புணர்ச்சி விதிகளை என்ன செய்வது? ‘கடல்’ என்று தேடினால் ‘கடற்கரை’ வராது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கணினி இல்லாத காலத்தில் சங்க நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல்) செய்தவர்கள் சொற்களைப் பிரித்து அடுக்கிவிட்டுப் போனார்கள். பழைய இலக்கியத்தில் ஒரு சொல்லைத் துரத்துகிறவருக்கு அச்சிட்ட சொல்லடைவையே நான் இன்றும் முதலில் எடுத்துத் தருகிறேன். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரை அதற்கு அடுத்த படி. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டித் தந்த அந்த உழைப்புக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். ஆனாலும் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டியது, பாடவேறுபாடு என்ன என்று அச்சு நூலோடு ஒத்துப் பார்க்காமல் மேற்கோள் எடுக்கக் கூடாது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூற்பெயர், ஆசிரியர் பெயர் வழியாகப் போவதே நல்லது. உள்ளே இருக்கும் ஒரு வரியை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. ஈழத்து இதழ், துண்டறிக்கை, மலர் என்றால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் தளம். பழைய இதழ்களுக்கும் வெகுசன அச்சுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல். அதைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

அப்புறம், அரட்டைச் செயலிகள். இப்போது மாணவர்கள் முதலில் போவது அங்கேதான். ஒரு கருத்தை விளங்கிக்கொள்ளவோ, தேடுவதற்கு மாற்றுச் சொற்கள் கேட்கவோ அவை உதவுகின்றன. அந்தப் பதினாறு எழுத்துக்கூட்டல்களை ஒரு நொடியில் அடுக்கித் தந்துவிடும். ஆனால் “இத்தலைப்பில் வந்த நூல்கள் எவை?” என்று கேட்டால், இல்லாத நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டுத் தரக்கூடும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் தண்டம் கட்டினார்கள். என் மேசையிலும் அப்படிப்பட்ட துணைநூற்பட்டியல் ஒன்று வந்தது. நான்கு நூல்களை ஒரு நாள் முழுக்கத் தேடினேன். நான்கும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே. யுஜிசி 2019இல் ஆய்வு, வெளியீட்டு அறவியல் என்ற பாடத்தை முனைவர் பட்ட மாணவர் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. 30 மணி நேரப் பாடத்தில் தரவுத்தளங்களுக்கு 4 மணி நேரம் இருக்கிறது. பாடத்திட்டம் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று பெயர் சொல்லி, ‘முதலியன’ என்றும் சேர்த்திருக்கிறது. அந்த ‘முதலியன’வுக்குள் மேலே சொன்ன தமிழ்த் தளங்களைக் கொண்டுவாருங்கள். பாதி நேரமாவது மாணவர் தம் தலைப்பையே வைத்துக் கணினி முன் உட்கார்ந்து தேடிப் பார்க்கட்டும். நூலகரைக் கூப்பிடுங்கள், வருவோம்.

இரண்டாவது, “இதுவரை ஆய்வு நிகழவில்லை” என்ற வரி ஆய்வேட்டில் வந்தால், எந்தெந்தத் தளத்தில், எந்தெந்தச் சொல்லில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தத் தேதியில் தேடினார் என்ற ஒரு பக்கக் குறிப்பைப் பின்னிணைப்பாகக் கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைப் புரட்டி ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த சேர்க்கைக்கு முன் எந்தத் துறை கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்